களத்திலிருந்து ஆடுகளத்திற்கு: திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தில் மண்தரை பேணலின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

திறந்தவெளி ஆடுகளத்தின் வரலாறு பெரும்பாலும் ஆட்டத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆடுவோர் காலடியில் கிடக்கும் தரையை யார், எதைக்கொண்டு, எப்பொழுது பேணினர் என்னும் வினா எழுப்பப்படவில்லை. கொங்கு நாட்டின் கபடி, பூப்பந்து மண்களங்கள் கதிரடிக்கும் களத்தின் தொழில்நுட்பத்திலிருந்து கிளைத்தவை என்பதையும், அத்தொழில்நுட்பம் சார்ந்திருந்த சாணம், நீர், மாலைப்பொழுது ஆகிய மூன்றையும் பின்னலாடைத் தொழிலின் வளர்ச்சி மாற்றியமைத்தது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: களம், மண்தரை, கபடி, பூப்பந்து, திருப்பூர், நொய்யல், களம் புறம்போக்கு

முன்னுரை

கபடி ஆட்டத்தின் இந்திய விதிநூல் களத்தின் அளவை வகுப்பதற்கு முன்பே அதன் தரையை வகுத்தது. தரை சமமாகவும் மென்மையாகவும் இருத்தல் வேண்டும். மண், எரு, மரத்தூள் ஆகியவற்றால் அமைதல் வேண்டும் என்பது அவ்விதி. விரிப்பு என்னும் மாற்று அதனோடு பின்னர்ச் சேர்ந்தது. அனைத்துலகப் போட்டிக்குரிய ஓர் ஆட்டத்தின் சட்டத்தில் மாட்டெரு ஒரு கட்டுமானப் பொருளாக இடம்பெற்றிருப்பது கவனத்திற்குரியது. ஆட்டத்தை முறைப்படுத்தியவர்கள் மராட்டிய மண்ணில் உடற்பயிற்சிக் கழகங்களை நடத்தியவர்கள். அனைத்திந்தியக் கபடிக் கூட்டமைப்பு 1950இல் உருவாயிற்று. அவர்கள் புதிதாக ஒரு தரையைக் கண்டுபிடிக்கவில்லை. தக்காணத்து உழவர் ஆண்டுதோறும் செய்துவந்த தரையையே சட்டமாக எழுதிவைத்தனர்.

அத்தரை தமிழகத்திற்கும் அயலானதன்று. ஏறுதழுவலிலிருந்து கபடி பிறந்தது, சங்க காலத்திலேயே சடுகுடு ஆடப்பட்டது என்பன போன்ற கூற்றுகள் அடிக்கடி எழுதப்படுகின்றன. அவற்றுக்கு ஏற்கத்தக்க சான்று காட்டப்பட்டதாகத் தெரியவில்லை. ஆட்டத்தின் பழமையைத் தேடுவதைவிட அது நிகழ்ந்த தரையின் பழமையைத் தேடுவதே பயன்தரும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. தரைக்குச் சான்று உண்டு.

களம் என்னும் சொல்

தமிழில் களம் என்பது முதற்கண் கதிரடிக்கும் இடம். போர்க்களம் என்னும் பொருளும் சங்க இலக்கியத்திலேயே உடன் வழங்குகிறது. தொல்காப்பியர் வாகைத் திணையில் உழவரின் களத்தையும் போர் மறவரின் களத்தையும் ஒருசேர வைத்துத் துறை வகுக்கிறார். ஆடுகளம் என்னும் தொடர் குறுந்தொகையில், ஆதிமந்தியார் பாடலில், துணங்கைக் கூத்தோடு சேர்ந்து வருகிறது; அங்கு அது கூத்து நிகழும் இடம். ஆக உழவு, போர், கூத்து ஆகிய மூன்றிற்கும் பொதுவான ஒரு சொல்லே இன்று விளையாட்டுக்கு வந்து சேர்ந்துள்ளது. வடமொழியில் கதிரடிக்களத்தைக் குறிக்கும் கல என்னும் சொல்லைத் தாமசு பரோ திராவிட மூலத்தோடு இணைத்துக் காட்டினார். மராட்டியரின் களத்திற்கும் நம்முடைய களத்திற்கும் சொல்லளவிலேயே உறவு உண்டு என்பதற்காக இதனை இங்குச் சுட்டுகிறேன்.

எல்லைக்கோடு வரைவதும் பழைய வழக்கமே. கல்லாதவன் அவையில் பேசுவதை, கட்டம் வகுக்காமல் வட்டாடுவதற்கு ஒப்பிடுகிறது திருக்குறளின் கல்லாமை அதிகாரம். வகுத்த தரை இல்லாமல் ஆட்டம் இல்லை என்பது அவ்வுவமையைக் கேட்டோர்க்கு விளக்கவேண்டாத செய்தியாக இருந்திருக்க வேண்டும்.

தரை செய்யும் முறை

கொங்கு நாட்டின் புன்செய்ப் பகுதிகளான அவிநாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம் ஆகியன மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ளவை. சோளம், கம்பு, கேழ்வரகு, நிலக்கடலை, பருத்தி ஆகியவை இங்குப் பயிராயின. அறுவடைக்கு முன் களம் செய்வது தனி வேலை. மேட்டுப்பாங்கான, காற்றுப் படும் இடத்தைத் தேர்ந்து, புல்லும் நெருஞ்சியும் வேரோடு நீக்கி, மேல்மண்ணைக் கொத்திக் கட்டி உடைப்பர். பின் நீர் தெளித்து ஊறவிட்டு, மாடுகளை மிதிக்கவிடுவர். திமிசுக்கட்டையால் அடித்து இறுக்குவர். சாணத்தை நீரில் கரைத்து மெழுகுவர். கொங்கு வழக்கில் இதனை வழித்தல் என்பர். சோளமும் கேழ்வரகும் அடிப்பதற்கு மாடு பூட்டி இழுக்கும் கல்லுருளை இப்பகுதியில் வழங்கியது. தானியத்தைப் பிரிப்பதற்காக இழுத்த அவ்வுருளை தரையையும் இறுக்கியது. இன்று பள்ளி மைதானங்களின் ஓரத்தில் துருவேறிக் கிடக்கும் இரும்புருளையின் முன்னோன் அதுவே என்று கொள்வதில் தவறில்லை.

இம்முறையின் உள்ளியல்பை உணர மண்ணைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். செம்மண்ணில் மணல் மிகுதி. நீரை விரைவில் விடும், காய்ந்தால் புழுதியாகும். கரிசல் மண்ணில் களி மிகுதி. நனைந்தால் உப்பி ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும். ஆடுவதற்கேற்ற தரை இரண்டிற்கும் இடைப்பட்டது. ஆகவே செம்மண் தரையில் குளத்து வண்டலோ புற்றுமண்ணோ சேர்ப்பர். கரிசல் தரையில் மணல் சேர்ப்பர். புற்றுமண் கறையானால் நுண்ணிதாகப் பிசையப்பட்ட களி. காய்ந்தபின் எளிதில் தூளாவதில்லை. ஆத்திரேலியாவின் குயின்சுலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் டென்னிசுத் தளங்களைப் புற்றுமண்ணால் அமைத்தனர். எவரும் எவரிடமும் கற்காமலே கறையான் வாழும் நிலங்களில் ஒரே விடை கிடைத்துள்ளது. சாணத்திலுள்ள செரியாத நார் மண்துகள்களைப் பிணைத்து வெடிப்பைக் குறைக்கிறது. விதிநூலின் மரத்தூளும் இதே பணியைச் செய்வதோடு ஈரத்தையும் பிடித்துவைக்கிறது.

இங்கு ஒரு வேறுபாட்டை வற்புறுத்த வேண்டும். பாரிசின் ரொலான் காரோசு தளம் உலகறிந்த மண்தளம். பருங்கல், நிலக்கரிக் கசடு, சுண்ணக்கல் தூள் ஆகிய அடுக்குகளின்மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்திற்கு மட்டும் செங்கல்தூள் பரப்பப்பட்டிருக்கும். அது கட்டப்பட்ட பொருள். அடியில் உள்ள அடுக்குகளே நீரை ஆள்கின்றன. கொங்கு மண்களத்திற்கு அடித்தளம் இல்லை. ஊரின் மண்ணே அதன் முழு ஆழமும். எனவே அதனை ஒருமுறை கட்டி முடிக்க இயலாது. நாள்தோறும் செய்துகொண்டே இருக்கவேண்டும். மாலையில் நீர் தெளித்தல், ஈரம் பதத்திற்கு வரும்வரை காத்திருத்தல், உருளை இழுத்தல், துடைப்பத்தால் கூட்டுதல், சுண்ணாம்புத்தூளால் கோடு புதுப்பித்தல் என்பன பேணல் என்று பிரித்துச் சொல்லத்தக்க பணிகளல்ல. அவை நின்ற மறுவாரமே களம் வெறும் நிலமாகிவிடும். பதத்தைக் கணிப்பது இவற்றுள் கடினமானது. ஈரம் மிகுந்தபோது உருட்டினால் மண் உருளையோடு ஒட்டி எழும். ஈரம் குறைந்தபின் உருட்டினால் மேலோடு மட்டும் நொறுங்கும். காலடி பதிந்தும் பதியாமலும் இருக்கும் நிலையே தக்க பதம். அதைக் காலால்தான் அறியமுடியும்.

காற்றும் வெயிலும்

தளத்தின் நீளம் வடக்குத் தெற்காக அமையவேண்டும் என்பது வலைப்பந்து வகை ஆட்டங்களுக்குரிய பொதுவிதி. காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் எவர் கண்ணிலும் நேராகப் படக்கூடாது என்பது காரணம். திருப்பூர் வட்டாரத்தில் இவ்விதி ஓர் இடரைக் கொணர்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் பாயும் மேல்காற்று, வடக்குத் தெற்கான தளத்தைக் குறுக்காக வெட்டுகிறது. பல்லடத்தையும் உடுமலையையும் சுற்றிக் காற்றாலைகளை நிறுத்திய காற்று இது. இறகுப்பந்து திறந்தவெளியில் இங்கு நிலைக்கவில்லை, பூப்பந்து நிலைத்தது. தஞ்சை அரச குடும்பத்தில் 1856 அளவில் தோன்றியதாகச் சொல்லப்படும் இவ்வாட்டம் மஞ்சள் நிறக் கம்பளிநூற் பந்தால் ஆடப்படுவது. பந்தின் எடை 27 முதல் 30 கிராம். காற்று அதனை எளிதில் திருப்புவதில்லை. அணிக்கு ஐவர் ஆடும் இதன் தளம் 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உடையது.

ஆனால் காற்று பந்தை விட்டாலும் தரையை விடுவதில்லை. ஆடிக்காற்று உலர்ந்த மண்தளத்தின் நுண்களியை முதலில் தூக்கிச்செல்லும்; எஞ்சுவது பரல்மணல். ஓரிரு பருவங்களில் தரை வழுக்கத் தொடங்குவதன் காரணம் இதுவே. தளத்தின் மேல்புறத்தில் கிளுவை வேலியோ மரவரிசையோ விடுவதும் காற்றுக்காலத்தில் நீரை இரட்டிப்பதும் இதற்கான பழைய மாற்றுகள். கொங்கு நாட்டின் கிளுவை வேலி மேய்ச்சல் காட்டுக்காக வளர்ந்தது. அதன் ஓரம் களம் அமைந்தால் ஆட்டக்காரருக்கும் காப்பாயிற்று.

களம் எவருடையது

நிருவாக வரலாற்றில் களத்திற்குத் தனி இடம் உண்டு. வருவாய்த் துறைப் பதிவேடுகளில் களம் புறம்போக்கு என்பது ஒரு வகைப்பாடு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 மேய்ச்சல் நிலம், கதிரடிக்களம், சுடுகாடு, மந்தை போன்ற புறம்போக்குகளை ஊராட்சியிடம் ஒப்படைக்கிறது. அதே சட்டத்தில் விளையாட்டுத் திடல் ஊராட்சி விரும்பினால் மேற்கொள்ளத்தக்க பணிகளுள் ஒன்றாக வருகிறது. கதிரடிக்களம் சொத்தாகவும் ஆடுகளம் விருப்பமாகவும் எழுதப்பட்டன. அறுவடை முடிந்த களத்தில் வள்ளிக்கும்மியும் சடுகுடுவும் நிகழ்ந்தவரை இவ்வேறுபாடு எவரையும் தொடவில்லை. களத்தில் கதிர் அடிப்பது நின்றபோது அதில் ஆடுவோர்க்கு எழுத்தில் உரிமை ஏதும் இல்லை என்பது வெளிப்பட்டது.

பழைய களத்தைப் பொதுவெளியாக மட்டும் காண்பதும் பிழை. பெருவாரியான களங்கள் நிலவுடைமையாளரின் தோட்டத்துக்குள் இருந்தன. அவற்றைக் கொத்தியவரும் மிதித்தவரும் பண்ணையாளாக இருந்த ஒடுக்கப்பட்ட சாதியினர். மெழுகியவர் பெரும்பாலும் பெண்கள். மாலையில் அங்கு ஆடியவர் பட்டியலில் இவர்கள் எல்லா ஊரிலும் இடம்பெற்றிருப்பர் என்று கருத இயலாது. தரையைச் செய்யும் அறிவு ஒரு சாராரிடமும் தரையில் ஆடும் ஓய்வு மற்றொரு சாராரிடமும் இருந்த நிலையை, மண்களத்தைப் போற்றி எழுதுவோர் மறந்துவிடுகின்றனர்.

சாணம், நீர், மாலைப்பொழுது

சரத் சாரி 2004இல் வெளியிட்ட நூலில், திருப்பூரின் பின்னலாடை முதலாளிகளுள் பலர் உழவுக் குடிகளிலிருந்து தொழிலாளராக வந்து உடைமையாளராக உயர்ந்தவர்கள் என்பதையும், உழைப்பு என்னும் சொல்லை அவர்கள் தம் உயர்வுக்குச் சான்றாக முன்வைத்ததையும் விரிவாக ஆய்ந்துள்ளார். தோட்டத்திலிருந்து பனியன் கம்பெனிக்கு உழைப்பு பெயர்ந்த இவ்வரலாற்றில், தோட்டத்துக் களம் என்னவாயிற்று என்பதே நம் வினா.

சாணம் முதலில் அருகிற்று. காங்கேயம் காளைகள் ஏற்றம், உழவு, வண்டி, கதிரடிப்பு ஆகிய அனைத்திற்கும் உரியவை. மின் மோட்டாரும் டிராக்டரும் அவற்றின் பணியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கி நிலத்தின் விலையும் கூலியும் உயர்ந்தபோது கட்டுத்தரையில் மாடு குறைந்தது. கண்ணபுரம் மாட்டுச் சந்தை இன்றும் கூடுகிறது. ஆயினும் ஊர்க்களத்தை வாரந்தோறும் வழிக்கும் அளவு சாணம், கேட்டவுடன் கிடைக்கும் பொருளாக இல்லை.

நீரின் வரலாறு இதனினும் கடுமையானது. கபடிக்குரிய ஆடவர் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது 130 சதுர மீட்டர். அதில் 5 மில்லிமீட்டர் அளவுக்கு நீர் தெளிக்க 650 லிட்டர் வேண்டும். குடத்திற்கு 13 லிட்டர் எனக் கொண்டால் 50 குடம். பூப்பந்துத் தளத்திற்கு 1,440 லிட்டர். குடிநீர் பல நாளுக்கொருமுறை வந்த ஊரில், சலவைப் பட்டறைகளும் சாயப் பட்டறைகளும் சுற்றுக் கிராமங்களின் கிணற்றுநீரை லாரியில் விலைக்கு வாங்கிய காலத்தில், 50 குடத்தை மண்ணில் ஊற்றுவது குற்றமாகவே தோன்றியிருக்கும்.

இருந்த நீரும் மாறியது. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு மிகுதியாகத் தேவை. சாயக்கழிவு நொய்யலில் கலந்தது, 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்திற்கு மாறாகக் கழிவைத் தேக்கிற்று, கிணறுகள் உவர்த்தன. உவர்நீர் மண்தளத்தில் செய்யும் கேடு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. சோடியம், களித்துகளைப் பற்றியிருக்கும் கால்சியத்தை வெளியேற்றி அதன் இடத்தில் அமரும். உப்புநீரையே தொடர்ந்து தெளிக்கும்வரை மண் கட்டுக்குள் இருப்பதுபோல் தோன்றும். ஐப்பசி மழை உப்பைக் கழுவியதும், சோடியம் ஏறிய களி சிதறி நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். அதன்பின் தரை நீரை உறிஞ்சாது. தேங்கிய நீர் வற்றினால் ஓடுபோல் இறுகும். இவ்விளைவு நொய்யல் பாசன நிலங்களில் விரிவாகப் பேசப்பட்டது. அதே கிணற்றுநீர் ஊற்றப்பட்ட மண்களங்களும் இதற்கு விலக்காயிருக்க முடியாது. அமெரிக்காவின் பச்சைமண் டென்னிசுத் தளங்களில் நீரை மிச்சப்படுத்துவதற்காகவே கால்சியம் குளோரைடு உப்பைத் தூவுகின்றனர். அது காற்றின் ஈரத்தை ஈர்த்து மண்ணை நனைவாக வைக்கும். உப்பு எதுவென்பதைப் பொறுத்தே காப்பும் கேடும் அமைகின்றன. 28.01.2011 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டதன் பின்னரே கழிவுநீரை முற்றிலும் மீட்கும் ஏற்பாடு இன்றியமையாததாயிற்று. மண்ணில் ஏறிய சோடியத்தை நீக்க ஜிப்சம் இட்டு நன்னீரால் அலச வேண்டும். பயிர் நிலத்திற்கே அதனைச் செய்ய இயலாதவர் ஆடுகளத்திற்குச் செய்திருப்பர் என எதிர்பார்ப்பது மிகை.

மூன்றாவது மாலைப்பொழுது. மண்தளத்திற்கு நீர் தெளிக்க உகந்த நேரம் வெயில் தாழ்ந்தபின். ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி முன்பு. திருப்பூரில் அந்நேரம் எவருக்கும் சொந்தமானதன்று. காலை எட்டரைக்குத் தொடங்கும் வேலை, ஒன்றரை ஷிப்ட் என்னும் வழக்கத்தால் இரவு எட்டைக் கடந்தே முடிகிறது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. எனவே ஆட்டம் இரவுக்கும் ஞாயிறுக்கும் நகர்ந்தது. பொங்கலையொட்டி ஊர்தோறும் நடக்கும் மின்னொளிக் கபடிப் போட்டிகளைக் கொண்டாட்டத்தின் விரிவாக மட்டும் கருதுவது போதாது. பகல் ஆலைக்கு உரியதாகிவிட்ட ஊரின் ஏற்பாடு அது. போட்டிக்காக ஆண்டுக்கொருமுறை மண் கொட்டி உருட்டிக் களம் செய்துவிடலாம். இடைப்பட்ட நாள்களில் மாலைதோறும் நீர் தெளிக்கும் ஆள் இல்லை. வெளிமாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்க்கு ஆட விருப்பம் உண்டு. ஊர்க்களத்தில் கை வைக்கும் உரிமை இல்லை.

விரிப்பும் சிமெண்டும்

இப்பின்னணியில் நோக்கினால் செயற்கை விரிப்பின் வருகை வேறுவிதமாகப் புலப்படும். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்தது, 2014இல் தொழில்முறைக் கபடித் தொடர் தொடங்கியது ஆகியன விரிப்பை முன்தள்ளிய காரணங்கள் என்பர். உண்மையே. வெறுங்காலால் ஆடிய ஆட்டம் காலணிக்கு மாறியது. மண்ணில் சறுக்கிக் கோட்டைத் தொட்ட உத்தி விரிப்பில் தோலை உரித்தது. ஆனால் சிற்றூர்க் கழகங்கள் விரிப்பை விரும்பியதற்கு, அதற்கு நீரும் சாணமும் மாலைநேர ஆளும் வேண்டா என்பது வலுவான காரணம். மண்களத்தின் மூன்று தேவைகளும் அற்றுப்போன இடத்தில் விரிப்பு வந்து அமர்ந்தது. இரவு மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் செயற்கைப் புல்தளங்களும் அவ்வாறே. அவற்றின் இழை பாலியெத்திலீனும் பாலிபுரோப்பிலீனும். நூலால் வாழும் ஊர் தன் தரையையும் இழையால் நெய்துகொண்டது எனலாம்.

அரசுத் திட்டங்கள் இம்மாற்றத்தைத் தடுக்கவும் இல்லை, தொடங்கவும் இல்லை. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், பின்னர் வந்த அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் ஆகியன ஊராட்சிதோறும் கபடி, கைப்பந்துத் தளங்களை அமைக்க முயன்றன. அமைப்பதைக் கணக்கில் எழுதலாம், அளவெடுத்துச் சான்றளிக்கலாம். நாளொன்றுக்கு 50 குடம் நீரையும் பதம் பார்க்கும் காலையும் மதிப்பீட்டில் ஏற்றும் தலைப்பு எதுவும் நம் பொதுப்பணிக் கணக்குமுறையில் இயல்பாகப் பொருந்துவதில்லை. கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றவும் ஏரி மதகைத் திறக்கவும் ஆள்வைத்து மானியம் எழுதிய மரபு கல்வெட்டுகளில் உள்ளது. களத்துக்கு அத்தகைய ஏற்பாடு எழுதப்படாமல் போனதற்கு, அது உழவின் பகுதியாகவே பேணப்பட்டதே காரணமாகலாம்.

கதிரடிக்களம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. உடுமலை, குடிமங்கலம் பகுதிகளில் கோழித்தீவனத்திற்கான மக்காச்சோளம் பெருகியபின் சிமெண்டு உலர்களங்கள் பல ஊர்களில் கட்டப்பட்டன. மண்களம் ஆட்டத்திற்குத் தந்ததை இவை ஒருவகையில் மீண்டும் தருகின்றன. சிமெண்டுத் தரையில் வண்ணச்சாயத்தால் கோடு வரைந்து சிறுவர் இறகுப்பந்து ஆடுகின்றனர். கபடி ஆட முடியாது, விழுந்தால் முழங்கால் தாங்காது. தை, மாசியில் அறுவடை வந்ததும் கோட்டின்மேல் சோளம் பரப்பப்படும்; உலர்ந்து மூட்டை ஏறும்வரை ஆட்டம் இல்லை. மூட்டை ஏற்றியவர்கள் துடைப்பத்தால் கூட்டிவிட்டுப் போகின்றனர்.